பயிற்சியாளர் போனார், பிறகு?

தொடர்ந்து தோற்ற அணியின் பயிற்சியாளர் பதவியிழந்த செய்தி வெளிவரும் நாளில், காலடிப்பேட்டைத் தேநீர்க் கடையிலும், இராயபுரத்துத் தெருமுனையிலும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் ஒரே குரல் ஒலிக்கக் கேட்கலாம். ‘ஒழிந்தான்!’ என்பார் ஒருவர். ‘இன்னும் முன்பே விரட்டியிருக்க வேண்டும்’ என்பார் மற்றொருவர். வாழ்நாளில் பந்தை உதைத்தறியாதவரும் அன்று கால்பந்து நுட்பங்களில் பேரறிஞராகிவிடுகிறார். வீடு திரும்பிய பின்னும் அப்பேச்சு ஓய்வதில்லை. தந்தை உணவருந்தியபடியே அந்தப் பயிற்சியாளரை ஏசுகிறார். அருகிலமர்ந்து சோறுண்ணும் பத்து வயது மகன் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மகனை மனத்திற்கொண்டே இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

வடசென்னையில் வாழும் நமக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக் களைத்த தலைமுறைகள் மாலை நேரங்களில் கண்ட மகிழ்ச்சி அது. நமக்கு அண்மையிலுள்ள வியாசர்பாடியை ‘மினி பிரேசில்’ என்றே அழைக்கின்றனர். அங்கிருந்து புறப்பட்ட தனபால் கணேஷ் சென்னையின் எப்.சி. அணிக்காக ஆடினார். 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் அவர் கோல் அடித்தபோது, நம் வீட்டுப் பிள்ளையே அடித்ததுபோல் நம் தெருக்கள் ஆர்ப்பரித்தன. இன்று விம்கோ நகரிலும் திருவொற்றியூரிலும் மெட்ரோ இரயில் ஏறும் இளைஞர்கள் சென்ட்ரலில் இறங்கி, நீலச் சட்டையுடன் நேரு விளையாட்டரங்கை நோக்கி நடப்பதைக் காண்கிறோம். அவர்களுடைய அன்பு பொய்யன்று. ஆகவே அவர்களுடைய சினமும் பொய்யன்று. அதை முதலில் ஒப்புக்கொண்டே மேலே செல்வோம்.

சென்னை அணியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நன்று. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014ஆம் ஆண்டிலேயே இவ்வணியும் தோன்றியது. இத்தாலிய நாட்டிற்காக 2006ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடிய மார்க்கோ மத்தெராசி இதன் முதற் பயிற்சியாளர். 2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையைச் சூறையாடியது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைக்கூடச் சென்னையில் நடத்த இயலாமல் புனே நகருக்கு மாற்றினர். அத்தகைய துன்ப வேளையில், டிசம்பர் 20 அன்று கோவா அணியை 3-2 என வென்று நம் அணி கோப்பையைக் கொணர்ந்தது. நீர் வடிந்த வீடுகளில் சேறு அள்ளிக்கொண்டிருந்த மக்களுக்கு அவ்வெற்றி தந்த ஆறுதல் சிறிதன்று. மத்தெராசியை வாழ்த்தாத வாய் இல்லை. மறு ஆண்டு, எட்டு அணிகளுள் நம் அணி ஏழாவதாக நின்றது. 2017இல் அவர் அணியை விட்டுப் பிரிந்தார்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிரகரி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு மாநகரில், அந்நகர அணியையே 3-2 என வீழ்த்தி இரண்டாம் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அடுத்த பருவத்திலோ 18 ஆட்டங்களில் 2 வெற்றிகள் மட்டுமே கிட்டின. 9 புள்ளிகளுடன் பத்து அணிகளுள் கடைசி இடம். எனினும் அணியின் உரிமையாளர்கள் அவரை உடனே அனுப்பிவிடவில்லை. 2019-20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி கிடைத்த பின்னரே, 2019 நவம்பர் இறுதியில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். கோப்பையோடு வந்த நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடையே முழுமையாக இரண்டாண்டுகள்கூட இல்லை.

ஒரே மனிதர், ஒரே நகரம். மாலையிட்ட கைகளுக்கும் ஏசிய நாவுக்கும் இடையே இருந்தது ஒரு சில தோல்விகள் மட்டுமே. அம்மனிதர் ஓராண்டில் தம் தொழிலை மறந்துவிட்டாரா? வென்றபோது அவர் நாம் எண்ணிய அளவு பெரியவராகவும் இல்லை. தோற்றபோது நாம் ஏசிய அளவு சிறியவராகவும் இல்லை என்பதே உண்மைக்கு அண்மையானது.

‘அப்படியானால் தோற்கும் பயிற்சியாளரை நீக்கவே கூடாதா?’ என்று வாசகர் கேட்கலாம். அவ்வாறு நாம் சொல்லவில்லை. அவருடைய சொல் வீரர்களின் செவியில் ஏறாமற் போகும் காலம் வரக்கூடும். அவர் அறிந்த ஆட்ட முறை, கையிலிருக்கும் வீரர்களுக்குப் பொருந்தாமற் போகலாம். அப்போது மாற்றம் தேவையே. கிரகரி சென்றபின் வந்த ஓவன் காயில் அதே வீரர்களைக் கொண்டே அணியை நான்காம் இடத்திற்கு உயர்த்தினார். இறுதியாட்டத்திற்கும் அழைத்துச் சென்றார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவா அரங்கில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றபோதும், கடைசியில் கிடந்த அணி அவ்வளவு தூரம் வந்ததை வியவாதார் இல்லை. ஆக, மாற்றம் பயன் தரும் காலமும் உண்டு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 2022 பிப்ரவரியில் கோவா அணியிடம் 5-0 எனத் தோற்றதும், மொண்டெனெக்ரோ நாட்டவரான போஜிதார் பாந்தோவிச் என்னும் பயிற்சியாளருக்கு இதே சென்னை அணி விடைகொடுத்தது. நம் சென்னையைச் சேர்ந்தவரும் முன்னாள் இந்திய வீரருமான சபீர் பாஷா எஞ்சிய ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். ஆயினும் நிலை மாறவில்லை; பதினோரு அணிகளுள் எட்டாம் இடமே கிட்டியது. முன்பு பலித்த மருந்து இம்முறை பலிக்கவில்லை. அப்படியாயின் நோய் வேறு எங்கோ இருந்தது என்றுதானே பொருள்?

இதனைக் கணக்கிட்டே ஆராய்ந்தவர்கள் உண்டு. நெதர்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் பாஸ் தெர் வேல் என்பார், அந்நாட்டு முதன்மைக் கால்பந்துத் தொடரில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு தோற்றும் நீக்காமலிருந்த அணிகளோடு ஒப்பிட்டார். இருசாராரும் ஏறக்குறைய ஒரே வகையிலேயே மீண்டெழுந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. பயிற்சியாளரை நீக்கியதால் எழுந்ததாக நாம் நம்பும் அணி, நீக்காமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் எழுந்தே இருக்கும்!

நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்குதல் எளிது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய வாரங்களில் மீன்பாடு குறைந்து போகிறது என வைத்துக்கொள்வோம். படகின் உரிமையாளர் சினங்கொண்டு, படகை ஓட்டியவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அமர்த்துகிறார். தடை முடிந்து ஜூன் நடுவில் படகு கடலுக்குள் செல்கிறது. வலை நிறைய மீன். ‘பார்த்தீர்களா? ஆளை மாற்றினேன், மீன் வந்தது!’ என்று அவர் மீசையை முறுக்கினால், காசிமேட்டில் சிரிக்காதவர் யார்? இரண்டு திங்கள் வலை படாத கடல் மீனைப் பெருக்கியது. புகழ் புதியவருக்குப் போயிற்று. பழியோ பழையவரோடு வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. கால்பந்திலும் இதுவே நிகழ்கிறது. அணி மிகத் தாழ்ந்த நாளில்தான் பயிற்சியாளரை நீக்குகின்றனர். அதற்குக் கீழே செல்ல இடமில்லாதபோது, அடுத்து வருவது பெரும்பாலும் ஏற்றமாகவே இருக்கும்.

இந்திய அணியின் அண்மைக் கால அனுபவமும் இதையே உணர்த்துகிறது. குரோவேசிய நாட்டவரான இகோர் ஸ்திமாச் 2019இல் நம் நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 2023 ஜூலையில் பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையை வென்றபோது அவர் புகழ் ஓங்கியது. உலகத் தரவரிசையில் இந்தியா 99ஆம் இடத்தை எட்டியது. அவருடைய ஒப்பந்தத்தையும் நீட்டித்தனர். 2024 மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 எனத் தோற்றதும் அத்தனை புகழும் வசையாயிற்று. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில், சுனில் சேத்ரி அப்போது தம் இறுதி ஆட்டமென அறிவித்திருந்த ஆட்டத்தில், குவைத்துக்கு எதிராகக் கோல் ஏதும் விழவில்லை. ஜூன் 11 அன்று தோகாவில் கத்தார் அணியிடம் மீண்டும் 2-1 எனத் தோல்வி. அவ்வாட்டத்தில் எல்லைக் கோட்டைக் கடந்து வெளியே சென்ற பந்தை உள்ளே இழுத்து அடித்ததை நடுவர் கோலாக ஏற்றுக்கொண்டதை உலகமே கண்டது. ஆயினும் என்? உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியது. ஜூன் 17 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஸ்திமாச்சைப் பதவியிலிருந்து நீக்கியது. நாடெங்கும் ரசிகர்கள் பெருமூச்சு விட்டனர். ‘இனி விடிவுதான்’ என்றனர்.

விடிந்ததா? அடுத்துப் பொறுப்பேற்ற ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கேஸ், கோவா அணிக்கும் நாட்டின் அணிக்கும் ஒரே வேளையில் பயிற்சியாளராக இருந்தார். 2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கிடம் 1-0 எனத் தோற்ற பிறகு அவரும் போனார். ஆகஸ்டில் காலித் ஜமில் வந்தார். அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்று, 2027ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையே இந்தியா இழந்தது. ஓராண்டு சில மாதங்களில் மூன்று பயிற்சியாளர்கள். மூவருக்கும் ஒரே குறை. கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

அவ்வீரர்களை உருவாக்க வேண்டியவர் யார்? பயிற்சியாளர் மட்டுமா? நிர்வாகத்தில் வெளியார் தலையீடு காரணமாக, 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்துச் சம்மேளனம் நம் கூட்டமைப்பையே சில நாள்கள் இடைநீக்கம் செய்தது. 2025இல் தொடரை நடத்தும் உரிமை பற்றிய இழுபறியால் இந்தியன் சூப்பர் லீக் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. ஆட்டமில்லாமல் வீரர்கள் காத்துக் கிடந்தனர். ஆளைச் சொல்லி ஏசுவது எளிது. அமைப்பைச் சொல்லித் திருத்துவது அரிது. நாம் எளியதையே தேர்ந்துகொள்கிறோம். பயிற்சியாளருக்கு முகம் உண்டு. ஆட்டக் கோட்டின் ஓரத்தில் எல்லாரும் காண நிற்கிறார். குழுக் கூட்டங்களுக்கு முகமில்லை. ஆகவே கல் முகத்தின் மேல் விழுகிறது.

பொறுமையின் பயனையும் நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் சையத் அப்துல் ரகீம். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1952ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. ஆம், பத்துக் கோல்கள்! அக்குளிர் நாட்டில் நம் வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர். இன்று அப்படியொரு தோல்வி நேர்ந்தால், மறுநாள் காலைக்குள் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லவும் ஆளிருக்காது. அன்று அத்தோல்வியிலிருந்து பாடம் கற்றனர். வீரர்கள் காலணி அணிந்து ஆடுவதைக் கட்டாயமாக்கினர். ரகீமையோ கைவிட்டுவிடவில்லை. நான்காண்டுகள் கழித்து 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே எதிர்நின்றதும் அதே யூகோஸ்லாவியாதான். இம்முறை 4-1 எனத் தோற்றாலும், உலக அரங்கில் நான்காம் இடம் நமக்குக் கிட்டியது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அந்நேரம் ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அவர் தளரவில்லை. தலையில் காயமுற்றுத் தையலிட்ட ஜர்னைல் சிங் என்னும் தற்காப்பு வீரரை முன்களத்தில் நிறுத்தினார். நோயால் நலிந்திருந்த தமிழரான பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்தில் கோல் காக்க நிறுத்தினார். அரங்கிலிருந்த கூட்டமோ இந்தியாவுக்கு எதிராகவே முழங்கியது. அதே தென் கொரியாவை 2-1 என வென்று, தங்கப் பதக்கத்துடன் நம் அணி திரும்பியது. முன்களத்திற்கு அனுப்பப்பட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். மறு ஆண்டு ஜூன் திங்களில் ரகீம் மறைந்தார். அன்றுமுதல் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை. பத்துக் கோல் வாங்கிய நாளில் அவரைத் துரத்தியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுகாறும் சொன்னவை பெரிய அரங்குகளின் கதை. அங்கு விழுபவருக்கு விழும் இடத்தில் மெத்தையும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் அவர்கள் நாட்டுக் கால்பந்து பெரும் வணிகம். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷர் என்னும் பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியுமுன்னே நீக்கியது. அதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல்! ரசிகர்கள் ஏசினார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை. நம் தெருக்களில் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவரின் நிலை அதுவன்று. அவருக்குச் சம்பளமில்லை, ஒப்பந்தமில்லை. அவர் பெறும் ஒரே ஊதியம் மரியாதை. அதையும் பறித்துவிட்டால் அவரிடம் எஞ்சுவது என்ன?

நாம் அறிந்த ஒருவரைப் பற்றி ஈண்டுச் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ப் பகுதியில் ஆலையொன்றில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டிற்குக்கூடச் செல்லாமல் மைதானத்திற்கு வந்துவிடுவார். கண்டெய்னர் லாரிகள் ஆக்கிரமித்தது போக எஞ்சிய இடத்தில், இருபதுக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு ஆறாண்டுகளாகக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். பந்து கிழிந்தால் தம் பணத்தில் வாங்குவார். பள்ளிக்கு வராத பையனை மைதானத்தில் இறங்க விடமாட்டார். பிள்ளைகள் அவரைக் ‘கோச்’ என்றே அழைத்தனர்.

சென்ற ஆண்டு உள்ளூர்ப் போட்டியொன்றில் அவ்வணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. பெற்றோர் சிலரும், சட்டை வாங்கிக் கொடுத்த புரவலர் இருவரும் கூடிப் பேசினர். ‘அவருக்கு இந்தக் காலத்து ஆட்டம் தெரியவில்லை’ என முடிவு செய்தனர். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். அதைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை. ஆனால் அம்முடிவை அவர் எப்படி அறிந்தார் தெரியுமா? அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் வந்த இரண்டு வரிகளைப் படித்து அறிந்தார். அதன் கீழே கைதட்டும் படங்களும் சிரிக்கும் படங்களும் வரிசையாக விழுந்தன. சற்று நேரத்தில் அக்குழுவிலிருந்து அவரையே நீக்கிவிட்டனர். அவற்றைப் பிள்ளைகள் தம் தாய்மாரின் கைப்பேசியில் பார்த்தார்கள்.

சில நாள் கழித்து அவரைச் சந்தித்தோம். “என்னை எடுத்தது பெரிசில்லை, ஃபாதர். தோற்றோம், எடுத்தார்கள். பசங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக விட்டிருக்கலாம். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை” என்றார். குரலில் சினமில்லை. சினமிருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

புதிய பயிற்சியாளர் வந்தார். திறமையுள்ளவர்தாம். வேகமாக ஓடும் பதின்மூன்று பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்சியளித்தார். அணி வெல்லவும் தொடங்கியது. மற்ற பிள்ளைகள் மைதானத்திற்கு வருவதை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டனர். மாலை நாலரை மணிக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெற்றோர் சிலருக்கு இன்று தெரியாது. நம் பகுதியின் தெருமுனைகளில் அந்நேரத்தில் யார் யார் என்னென்ன விற்கிறார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை, படிப்பவர் அறிவர். பழைய பயிற்சியாளர் கோப்பை வெல்லவில்லை, உண்மைதான். அவர் வென்றுகொண்டிருந்தது வேறொன்று. அதற்குக் கோப்பையும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. ஆகையால் அதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று. அதே மைதானத்தில் அண்மையில் பயிற்சி ஆட்டமொன்றைக் கண்டோம். பதினொரு வயதுப் பையன் ஒருவன் எளிய கோல் வாய்ப்பைத் தவறவிட்டான். உடனே அவன் தோழர்கள், “இவனைத் தூக்குங்க கோச், தூக்குங்க!” என்று கூவினர். அச்சொல்லை அவர்கள் எங்கே கற்றார்கள்? பந்தைத் தவறவிட்ட பையன் அதன்பின் தன் பக்கம் பந்து வராத இடமாகப் பார்த்துப் பார்த்து நின்றான். தோற்பவனைத் தூக்கி எறிவதே முறை என்று கற்ற பிள்ளை, தன் முறை வரும் நாளை அஞ்சியே வாழ்வான். நாளை தேர்வில் மதிப்பெண் குறைந்தால், அதை வீட்டில் வந்து சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? வேலையிழந்து வீட்டிற்கு வரும் தந்தையை அவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்? எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைகள் மூடப்பட்டதைக் கண்டவர்கள் நாம். ஆட்குறைப்பு என்பதன் பொருள் நமக்குப் புதிதன்று. வாயிற்கதவில் ஒட்டிய தாளில் தம் பெயரைக் கண்டு திரும்பிய தந்தையரின் பிள்ளைகள் நாம். இன்னொருவர் வேலையிழந்ததைக் கைதட்டி வரவேற்பது நமக்குத் தகுமா?

ஆகவே மூன்று செய்திகளை நம் குடும்பங்களின்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, ஆட்டத்தை விமர்சியுங்கள். ஆளை இழிவு செய்யாதீர்கள். ‘தற்காப்பு வீரர்களை இப்படி நிறுத்தியது தவறு’ என்று தந்தை சொன்னால் மகன் கால்பந்தைக் கற்கிறான். ‘அவன் ஒரு முட்டாள்’ என்று சொன்னால் மகன் ஏசுவதை மட்டுமே கற்கிறான்.

இரண்டாவது, நீக்குவதற்கு முன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். அவருக்கு வேண்டிய வீரர்களையும் நேரத்தையும் இடத்தையும் கொடுத்தோமா? குறையை அவரிடமே நேரில் சொன்னோமா? புள்ளிப் பட்டியலில் வராத நன்மை எதையேனும் அவர் செய்துகொண்டிருக்கிறாரா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடைகண்ட பின்னும் மாற்றம் வேண்டுமென்றால், தயங்காமல் மாற்றுவோம்.

மூன்றாவது, அனுப்ப வேண்டியவரையும் மனிதராக அனுப்புவோம். முடிவை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். காரணத்தைச் சொல்வோம், அதுவரை செய்ததற்கு நன்றி கூறுவோம். கடைசியாக ஒருநாள் பிள்ளைகளின் நடுவே அவர் நின்று விடைபெற வழிசெய்வோம். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. அரைமணி நேரம் போதும். தோற்றவரை எப்படி வழியனுப்புவது என்று அந்த அரைமணி நேரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதை, ஓராண்டுப் பயிற்சியாலும் கற்பிக்க இயலாது.

சென்னை அணிக்கு இனியும் பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களை அமர்த்துவதும் அனுப்புவதும் நம் கையில் இல்லை. நம் தெருப் பிள்ளைகளின் பயிற்சியாளர் நம் கையில்தான் இருக்கிறார். இம்மாதம் ஒரு மாலை, உங்கள் மகனோ மகளோ விளையாடும் இடத்திற்குச் சென்று பாருங்கள். கோட்டின் ஓரத்தில் தொண்டை கட்டக் கத்திக்கொண்டு நிற்பவரின் பெயரைக் கேட்டறியுங்கள். அவர் தேநீர் அருந்தினாரா என்று விசாரியுங்கள். அன்று அணி தோற்றிருந்தால், இவற்றைச் செய்ய அதைவிட நல்ல நாள் வேறில்லை.